பெரியவர் சும்மா நிற்கிறார்

அநியாயம் இழைக்கப்பட்டது மங்கையர்க்கரசிக்கு. இழைத்தவர் அவளுடைய ஆய்வு நெறியாளர், சுண்ணக்கரட்டுப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றுத் துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் அரங்கண்ணல். இழைத்த விதம் இது: பழைய நாகரிகங்களின் கலையைத் தமிழில் பேச வேண்டுமானால் முதலில் அதற்குச் சொல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, நைல் கரையின் கல்லறைச் சுவர்களுக்கும் சுமேரியரின் செங்கல் கோயில்களுக்கும் கிரேக்கத்துப் பளிங்கு வாலிபர்களுக்கும் என அவள் ஒவ்வொன்றாக ஆக்கி வைத்திருந்த கலைச்சொற்களை எல்லாம் வாரி எடுத்து, 'தொல்கலைச் சொற்கோவை' என்று பெயர் சூட்டி, முன்னட்டையில் தன் பெயரையும் பின்னட்டையில் கன்னத்தில் கைவைத்த தன் படத்தையும் போட்டு அவர் வெளியிட்டுவிட்டார்.

சொல் ஆக்குவது என்றால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறமொழிச் சொல்லைத் தமிழுக்கு இழுத்துப் போடுவது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் துறையில் நிறையப் பேர். மங்கை அப்படி இல்லை. உடம்பின் பாரத்தை எல்லாம் ஒரு காலில் இறக்கிவிட்டு மறு காலை இலேசாக மடக்கி நிற்கிற கிரேக்கச் சிலையின் நிலைக்குச் சொல் தேடி, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு பழைய பேருந்து நிலையத்தில் வண்டிக்குக் காத்து நிற்கிற பெண்களை ஒரு கோடை முழுக்கப் பார்த்துவிட்டு, 'ஒருகால் இளைப்பாறல்' என்று எழுதினாள். தங்களால் எந்நேரமும் சாமி முன்னால் நிற்க முடியாது என்பதால் தங்களுக்குப் பதிலாக நிற்கட்டும் என்று சுமேரியர்கள் கோயிலில் விட்டுப்போன, கண்ணை அகல விழித்த சின்னச் சிலைகளுக்கு 'ஆள்மாற்றுப் பதுமை' என்று வைத்தாள். அரசனைப் பனை உயரத்துக்கும் அவனுக்கு விசிறுகிறவனை முழங்கால் உயரத்துக்கும் செதுக்குகிற, ஆளின் தகுதியைப் பார்த்து உருவத்தின் அளவைத் தீர்மானிக்கிற பழைய வழக்கத்துக்குத் 'தகுதியளவு' என்று வைத்தாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருந்தாள். நைல் கரைக் கல்லறைகளைப் பாருங்கள், வலை இழுப்பவன் சின்னவன், மாவு பிசைகிறவள் சின்னவள், வாத்தின் இறகைப் பிடுங்குகிறவன் சின்னவன், அவர்களெல்லாம் குனிகிறார்கள், திரும்புகிறார்கள், ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்கிறார்கள், பெரியவரோ ஒரு காலை முன்வைத்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு சும்மா நிற்கிறார் என்று எழுதியிருந்தாள். சொற்கோவையில் 'தகுதியளவு' இருந்தது. 'பெரியவர் சும்மா நிற்கிறார்' என்ற வாக்கியத்தை மட்டும் காணவில்லை.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. நெறியாளரின் புத்தகத்துக்கு முன்னுரையையும் நன்றியுரையையும் மாணவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதும்போது தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வது அடக்கக் குறைவு என்பதால், பெயர் வரவேண்டிய இடத்தில் புள்ளி வைத்து விட்டுவிட வேண்டும். நெறியாளர் பார்த்து நிரப்புவார். மங்கையும் அப்படியே விட்டாள். அரங்கண்ணல் நிரப்பவில்லை. அச்சகக்காரரும் கேட்கவில்லை. 'இந்நூலின் ஒவ்வொரு சொல்லுக்கும் துணைநின்ற ............ அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி' என்று புள்ளிகளோடேயே புத்தகம் வந்துவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு அவள் அவர் அறைக்குப் போய், "இது என்ன சார்?" என்று கேட்டபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, ரொம்பச் சாந்தமாக, "சொல்லுக்கு ஏதும்மா சொந்தக்காரன்?" என்றார்.

பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரோடும், எட்டு மணிக்கு மேல் கதவைப் பூட்டுகிற விடுதிக் காப்பாளரோடும், பெண் பார்க்க வந்த இடத்தில் பாடச் சொன்ன மாமியோடும் வாதாடி ஜெயித்தவள் மங்கை. அவளுக்கு அந்த ஒரு கேள்விக்கு வாயில் பதில் வரவில்லை. பிஸ்கட்டைக்கூட எடுத்துவிட்டாள், அதுதான் அவளுக்குப் பிற்பாடு ஆறவே இல்லை. குளிக்கும்போது ஒரு பதில் வந்தது, துணி அலசும்போது அதைவிட நல்லதாக ஒன்று வந்தது, நூலகப் படியில் ஏறும்போது இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று வந்தது. எல்லாம் வந்து என்ன, கேட்டவர்தான் எதிரில் இல்லை.

வெளியீட்டு விழாவில்தான் அவர் வளரத் தொடங்கினார். பொன்னாடை போர்த்த வந்தவர் முதலில் குதிகாலை எக்கினார், அடுத்தவர் நாற்காலியில் ஏறினார், அதற்கடுத்தவர் மேடை அலங்காரத்துக்கு வந்திருந்த ஏணியைக் கேட்டு வாங்கினார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 'புத்தகம் வந்த பிறகு சார் ஒரு சுற்றுப் பெரிய ஆளாகிட்டார்' என்று நன்றியுரை சொன்னவர் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். மறுவாரம் துறை வாசலின் மேல்நிலையை இடித்து உயர்த்தினார்கள். அதற்கடுத்த வாரம் கூரையைப் பிரித்தார்கள். பருவத்தேர்வு முடிவதற்குள் எந்தக் கட்டடமும் அவரைக் கொள்ளாது என்றாகிவிட, நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் இருந்த திடலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், அங்கே அவர் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மாடிக்கு மேல் மாடியைத் தாண்டி, கைப்பேசிக் கோபுரத்துக்குத் தோள்கொடுக்கிற உயரத்துக்கு வளர்ந்தார். வேட்டியும் சட்டையும் கூடவே வளர்ந்தன, அது எப்படி என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வளர வளர இடது கால் தானாக ஒரு எட்டு முன்னால் போய் நின்றது. கைகள் இரண்டும் விரல் மடங்கி விலாவோடு ஒட்டின. முகம் பக்கவாட்டில் திரும்பி, ஒற்றைக் கண்ணை மட்டும் ஊருக்குக் காட்டியபடி அப்படியே இறுகிப்போனது. பெரியவர்கள் நிற்க வேண்டிய முறை அதுதான் என்பது, பாவம், அவர் நடத்துகிற பாடத்திலேயே இருந்தது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், நன்றாகவே எடுத்துக்கொண்டது. சுண்ணக்கரடு சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஊர். வெள்ளைப் பாறையும் வெள்ளைப் புழுதியும் வெயிலும் தவிர வேறொன்றும் முளைக்காத ஊர். அந்த ஊருக்கு முதல்முறையாக ஒரு பெரிய நிழல் கிடைத்தது. காலையில் நிழல் மேற்கே தேர்வுத்துறை வரைக்கும் கிடக்கும், மாலையில் கிழக்கே நெடுஞ்சாலையைத் தொடும். வாசலில் இருந்த டீக்கடைக்காரர் கடையைச் சக்கரத்தில் ஏற்றி நிழலோடு நகர்த்திக்கொண்டே இருந்தார். டவுன் பஸ் நிறுத்தத்தையே நிழல் எந்த இடமோ அந்த இடம் என்று மாற்றிவிட்டார்கள். அவருடைய கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத புதுமணத் தம்பதி இல்லை. "சார் நல்லாருக்கணும், சார் இன்னும் வளரணும்" என்று கல் உடைக்கப் போகிற பெண்கள் தூக்குவாளியைத் திறந்துகொண்டே வாழ்த்தினார்கள்.

அவர் வளர்ந்த அளவுக்கு மங்கை சிறுத்தாள். முதலில் விடுதிக் கதவின் மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை. பிறகு கீழ்த் தாழ்ப்பாள் எட்டவில்லை. முழங்கால் உயரமாக இருந்தபோது மெஸ்ஸில் அவளுக்குத் தட்டுக்குப் பதில் சட்னிக் கிண்ணத்தில் சோறு போட்டார்கள், சாண் உயரத்துக்கு வந்தபோது அதுவும் மிஞ்சியது. "ஒரே கல்லுதானம்மா, அதுல ஒருத்தர் பெருசா இருந்தா இன்னொருத்தர் சிறுசாத்தான் இருக்கணும், எடம் வேணும்ல?" என்று டீக்கடைக்காரர் நியாயமாகத்தான் சொன்னார். அறைத்தோழி ஷகிலா பானு தன் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, அதில் ஒரு துப்பட்டாவை மடித்துப் போட்டுக் கொடுத்தாள்.

"நீ ஒண்ணும் கவலப்படாதடி. எங்க சித்தி கல்யாணத்துக்கப்புறம் இப்படித்தான் ஆனாங்க. இப்ப நல்லாத்தான் இருக்காங்க."

"எங்க இருக்காங்க?"

ஷகிலா கொஞ்சம் யோசித்தாள். "வீட்லதான். எங்கயாவது இருப்பாங்க."

அம்மா போனில் கேட்டாள்: "என்னடி, கொரலு சன்னமா வருது? அங்க டவர் இல்லையா?"

"நான் சிறுசாயிட்டேம்மா."

"நேரத்துக்குச் சாப்பிடணும்னு சொன்னா கேட்டாத்தானே."

சிறுசானதில் வலி எதுவும் இல்லை. முகங்கள் கண்ணில் படாமல் போனதுதான் வருத்தியது. வராந்தாவில் அவள் நடந்தால் எதிரே வருவது செருப்பு, சேலைக் கரை, கால்சட்டையின் மடிப்பு. அவை நின்று பேசும், சிரிக்கும், போகும். யாரும் அவளை வேண்டுமென்று மிதித்ததில்லை, நல்ல மனிதர்கள். அவள் இருக்கிற மேசையில் கோப்பை வைத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். பேசிப் பேசியே வளர்ந்தவள், பகல் முழுக்க யாரோடும் பேசாமல் மேசைக்கால்களுக்கு நடுவில் உலவினாள். நூலகத்தில் தன் அளவுக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடி, கடைசியில் நைல் கரை ஓவியங்களின் பெரிய புத்தகம் யாரோ படித்துவிட்டுத் தரையில் விரித்துப் போட்டிருக்க, அதில் வாத்து இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தவன் சரியாகத் தன் உயரம் இருப்பதைக் கண்டு, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நாலாயிரம் வருஷமாகக் குனிந்தே இருந்தவனுக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இல்லை.

இதையும் தாங்கிக்கொண்டு அவள் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தாள். கொடுத்த மறுவாரம் அலுவலகக் கண்காணிப்பாளர் துரைக்கண்ணு அவளைக் கூப்பிட்டு, மேசைமேல் ஏற்றிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. இப்படியா பண்ணுவ? கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா முக்காவாசி செவப்பா வருது. சாரோட புஸ்தகத்த அப்படியே எறக்கி வச்சிருக்கியே."

"சார்தான் என்னோடத எடுத்தாரு, அண்ணே."

"அதக் கம்ப்யூட்டர்ட்ட சொல்லு. அதுல சாரோடதுதான் முதல்ல வந்திருக்கு."

"முதல்ல அச்சானா அவரோடதா? என் வகுப்புக் குறிப்புல இருக்கே, நான் பேசுன கருத்தரங்குல இருக்கே, கேட்டவங்க இருக்காங்களே?"

"யாரு இருக்கா, சொல்லு." துரைக்கண்ணு ஜன்னல் வழியே திடலைப் பார்த்தார், அங்கே நிழலில் துறையின் மொத்த ஆட்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "அந்த நெழல விட்டு வெயில்ல வந்து நின்னு சாட்சி சொல்ல யாரு இருக்கா?"

திருட்டு என்று விசாரணைக் குழு போட்டார்கள். குழு திருட்டுத்தான் என்று சொல்லிவிட்டால் முனைவர் பட்டம் கிடையாது, பதிவே ரத்து. அதற்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவள் கால் வைக்க முடியாது. அவள் ஆக்கிய சொற்களை அவளே சொன்னால்கூடத் திருடி என்பார்கள். 'ஒருகால் இளைப்பாறல்' என்று ஒரு நாள் அவள் பேருந்து நிலையத்தில் நின்று நினைத்துக்கொண்டால்கூட, அது திருட்டு நினைப்பு.

விசாரணைக்கு முந்தின நாள், இதற்கெல்லாம் காரணமானவரைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவள் திடலைக் குறுக்கே கடந்தாள். ஒரு காலைப்பொழுது முழுக்க நடக்க வேண்டியிருந்தது. அவருடைய காலடியில் நின்று கத்தினாள். அவள் கத்தல் அவருடைய செருப்பு வாரைக்கூடத் தாண்டவில்லை.

"கத்தாத மங்கை. அவருக்குக் கேக்காது. எனக்கே முப்பது வருஷமா கேக்க வைக்க முடியல."

திரும்பினாள். பேராசிரியரின் மனைவி மணிமொழி, அவருடைய குதிகாலில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வேட்டியின் ஓரத்தில் நின்றிருந்தாள். மங்கையைவிட ஒரு விரல் உயரமாக இருந்தாள், அவ்வளவுதான்.

"நீங்க எப்பம்மா இப்படி ஆனீங்க?"

"நான் என்னடி, ஒரே நாள்லயா ஆனேன்? அவரோட முதல் புத்தகத்துக்கு நான்தான் பாறை ஓவியம் எல்லாத்தையும் வரைஞ்சு கொடுத்தேன். அந்த வருஷம் பழைய ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு போச்சு. ரெண்டாவது புத்தகத்துல பாதி அத்தியாயம் நான் எழுதினது. அப்ப சேலைய மடிச்சு மடிச்சுக் கட்ட ஆரம்பிச்சேன். கொஞ்சம் கொஞ்சமா ஆனதால யாரும் பாக்கல. நீ ஒரேயடியா ஆனதால உனக்குத் தெரியுது."

"கோபமே வரலையாம்மா?"

"வந்துச்சு. யார்ட்ட காட்டறது? குனிஞ்சு பாக்கறதுக்கு ஒருத்தர் வேணுமே." அவள் குதிகாலில் இருந்த கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "உனக்கு ஒண்ணு சொல்றேன். அவர்ட்ட பேசணும்னா காதுக்குத்தான் போகணும். பெரிய ஆளுங்க யாராலயும் அது முடியாது. மின்வாரியத்து ஏணி வண்டியே நெஞ்சு வரைக்கும்தான் எட்டுச்சு. ஆனா வேட்டி நெசவுல உன் கால் வைக்க எடம் இருக்கு. இடுப்புல பெல்ட்டு, அதுக்கு மேல சட்டைப் பித்தான், பேனா செருகற பை. அங்க உக்காந்து மூச்சு வாங்கிக்கலாம். நான் பாத்து வச்சிருக்கேன். எனக்குத்தான் போகத் தைரியம் வரல."

மறுநாள் காலை விசாரணைக் குழு திடலிலேயே கூடியது. நெறியாளர் வர முடியாதவர் என்பதால் குழு அவரிடம் வந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த குழுத்தலைவி ஒழுங்கானவர், மங்கையை மேசைமேல் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, பூதக்கண்ணாடி ஒன்றை வரவழைத்து, அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். எத்தனையோ மாதத்தில் குனிந்து தன் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் ஆள் என்பதால் மங்கை தன்னையறியாமல் கண்ணாடிக்குக் கிட்டே போய் நின்றாள், அது அவளுக்கே பிடிக்கவில்லை.

"நீங்க சொல்றதுக்கு வேற சாட்சி இல்ல. உங்க நெறியாளரே ஒத்துக்கிட்டா ஒழிய நான் ஒண்ணும் செய்ய முடியாது. அவர்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும், இந்தச் சொற்கள் யாருடையவை? யாரு போய்க் கேப்பீங்க?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். "நானே கேக்கறேன் மேடம்" என்றாள் மங்கை.

வேட்டியின் இழைகளில் கால்வைத்து அவள் ஏறினாள். கீழே ஷகிலா இடுப்பில் கையை வைத்து, "பாத்துடி! பாத்து!" என்று கத்துவது முழங்காலைத் தாண்டும்வரை கேட்டது. பெல்ட்டில் உட்கார்ந்தாள், பித்தான்களைப் பிடித்து ஏறினாள், சட்டைப்பையில் இருந்த பேனா மூடியில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். தோளுக்கு வந்தபோது காற்று அவளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. காதுமடலைப் பற்றி ஏறி, அதன் வளைவில் ஊஞ்சலில் உட்காருவதுபோல உட்கார்ந்துகொண்டாள்.

"யாரு?" என்றது குரல். பாறைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "காதுல யாரு?"

"மங்கை, சார்."

"மங்கையா! வாம்மா, வா, வா. பேசு. மேல யாருமே வர்றதில்லம்மா. புறா வருது, அதுவும் ஒக்காந்துட்டுப் போயிடுது. கீழ ஒரே இரைச்சலாக் கேக்குது, ஒரு வார்த்தை புரியல. கேன்டீன்ல இப்பவும் அந்த வெங்காய வடை போடறாங்களா? மழை பெஞ்சுதா? மணிமொழி எங்கன்னு தெரியுமா, எங்கயோ போயிட்டா போல, சொல்லிட்டுக்கூடப் போகல."

"விசாரணைக் குழு ஒரு கேள்வி கேக்கச் சொன்னாங்க, சார். இந்தச் சொற்கள் யாருடையவை?"

அவர், பழைய சாந்தத்தோடு, "சொல்லுக்கு ஏதும்மா சொந்தக்காரன்?" என்றார்.

குளியலறையில் வந்த பதில் அவள் நாக்குநுனிக்கு வந்தது. துணி அலசும்போது வந்தது அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. நூலகப் படியில் வந்தது இரண்டையும் இடித்துக்கொண்டு வந்து நின்றது. வாயைத் திறந்தாள். திறந்தவள், அவருடைய கண் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தற்செயலாகப் பார்த்தாள். தூரத்தில் கல்குவாரியின் வெள்ளைக் குழி, அதற்கப்பால் வானம், அவ்வளவுதான். ஒரு முகம்கூட இல்லை. கீழே தன்னைச் சுற்றி நடந்தவை செருப்புகளும் கரைகளும் என்றால், இங்கே அவையும் இல்லை. இந்த ஆள் கேட்டுக்கேட்டு ஏங்குவது பதிலுக்கல்ல, பேச்சுக்கு என்பது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்ததும், தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா, சத்தத்தைக் காணோம்? வாதாடுவியே. வாதாடேன்."

அவள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டியா? ஏதாவது சொல்லு. ஒரு வார்த்தை சொல்லும்மா."

"எல்லா வார்த்தையும் உங்ககிட்டதானே இருக்கு, சார். எனக்கு ஏது?" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அது அவளுக்கு லேசாக இருக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் கெஞ்சினார், அதட்டினார், பட்டம் கிடைத்ததும் வேலை வாங்கித் தருகிறேன் என்றார், உன்னை என் மகள் மாதிரி நினைத்தேன் என்றார், அந்த இடத்தில் மட்டும் அவள் பல் நறநறத்தது. நிழல் நகர்ந்தது. கீழே குழுவின் நாற்காலிகளும் மேசையும் டீக்கடையும் நிழலோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தன. வெயில் சாய்ந்து குவாரியின் குழி மஞ்சளாகிய நேரத்தில், அவர் கெஞ்சுவதையும் அதட்டுவதையும் நிறுத்தினார்.

"அவளோடது" என்றார் அரங்கண்ணல். அந்த உயரத்திலிருந்து சொன்னதால் அது சுண்ணக்கரடு முழுக்க, கல் உடைக்கிற சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "சொற்கோவையில இருக்கற சொல்லு அத்தனையும் மங்கையர்க்கரசியோடது."

கல்லில் உளி இறங்கினால் கேட்கிற சத்தம் அவர் முழங்காலில் கேட்டது. ஒரு மாடி அளவு அவர் இறங்கினார். மங்கைக்குக் காதுமடல் திடீரென்று இடம் போதாமல் போக, தோளுக்குக் குதித்தாள்.

கீழே குதிகாலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல், முப்பது வருஷமாக அவர் காதுக்கு எட்டாத குரல், கேட்டது: "அப்புறம்?"

"மணிமொழி? நீ இங்கயா இருக்க?"

"எங்க போனேன் நான்? அப்புறம் சொல்லுங்க."

"பாறை ஓவியம் எல்லாம் உன்னோடது."

"அப்புறம்?"

"ரெண்டாவது புத்தகத்துல பாதி."

"பாதியா?"

"முக்காவாசி."

ஒவ்வொன்றுக்கும் முழங்கால் முறிந்தது, ஒவ்வொன்றுக்கும் அவர் இறங்கினார், 'அப்புறம்' என்று கேட்கிற குரல் ஒவ்வொன்றுக்கும் உயர்ந்துகொண்டே வந்தது. பழைய மாணவர்களின் பெயர்கள் வந்தன, செத்துப்போன ஒரு நண்பரின் பெயர் வந்தது, பூட்டியிருந்த அறைகளில் எங்கோ யார் யாரோ திடீரென்று உயர்ந்து தலை முட்டிக்கொண்ட சத்தங்கள் கேட்டன. கடைசியில் சொல்லப் பெயர் எதுவும் மிச்சமில்லாமல், சாதாரண உயரத்துக்கும் ஒரு விரல் குறைவாக, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பேராசிரியர் திடலில் நின்றார். மங்கை தோளிலிருந்து இறங்கி அவரெதிரே, தன் பழைய உயரத்தில், இரண்டு கால்களிலும் நின்றாள்.

யாரும் கைதட்டவில்லை. நிழல் போய்விட்டது. சாய்ந்த வெயில் திடல் முழுக்கச் சுள்ளென்று அடிக்க, ஆட்கள் முந்தானையையும் கைக்குட்டையையும் தலையில் போட்டுக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டே, "நல்லா இருந்த மனுஷன, பாவம்" என்று மங்கையைப் பார்க்காமல் சொல்லிப் போனார். குழுத்தலைவி மேசையில் குனிந்து, திருட்டு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். மணிமொழி யாருக்கும் காத்திருக்காமல், நீளம் போதாத சேலையைக் கணுக்காலுக்கு மேலே பறக்கவிட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். ஷகிலா மட்டும் தூரத்தில் நின்று, அலமாரித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற முகத்தோடு கையாட்டினாள்.

வெள்ளைத் திடலில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அரங்கண்ணலின் கழுத்து இன்னும் பக்கவாட்டிலேயே இறுகியிருந்தது. அதைக் கையால் பிடித்து, வலிக்க வலிக்கத் திருப்பி, இரண்டு கண்களாலும் அவர் அவளைப் பார்த்தார்.

"மேல நின்னப்ப மனசுல ஒண்ணே ஒண்ணுதாம்மா ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றார். "எல்லாரும் அண்ணாந்து பாக்கறாங்க, ஒருத்தர் முகமும் தெரியல. அப்படி நிக்கறதுக்கு நம்ம புத்தகத்துல எங்கயும் சொல்லு இல்ல. தேடித் தேடிப் பாத்தேன், எனக்கு ஒண்ணும் வரல." சொல்லிவிட்டு, வகுப்பில் பதில் தெரியாத மாணவன்போலக் கொஞ்சம் தயங்கினார். "நீ வச்சிருப்பியே. அது என்னம்மா?"

அவளிடம் இருந்தது. மேசைக்கால்களுக்கு நடுவில் நடந்த நாட்களில் அது தானாக வந்திருந்தது. இதுவரை யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

"அது என்னோடது, சார்" என்றாள் மங்கையர்க்கரசி.